உம்மும்மாவின் பெயர்

(ஓட்டமாவடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அறக்கட்டளையினர் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். வரலாற்று வாத்தியார் என்பதால் கண்டி இராச்சியத்தைப் பற்றியோ மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. இந்த ஊரில் பிறந்த எல்லோரும் நடை பழகிய நாளிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறோம். "ஆர்ர புள்ள நீ?"

என் சின்ன வயதில் ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியில்தான் போகும். ரயில் வரும் நேரம் பாதையை மறித்துவிடுவார்கள். இரண்டு கரையிலும் சைக்கிள்காரரும் மாட்டுவண்டிக்காரரும் மீன்கூடைக்காரரும் காத்து நிற்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் இந்தக் கேள்வி வரும். வாப்பாவின் பெயரைச் சொன்னால் அது காணாது. "உம்மா ஆர்ர மகள்?" என்று அடுத்தது வரும். உம்மும்மாவின் வளவு எந்தப் பக்கம், எந்த மரத்தடி என்று சொல்லி முடித்த பிறகுதான் கேட்டவரின் முகம் தெளியும். "அப்ப நீ நம்மட புள்ளதானே!" என்று தோளைத் தட்டுவார். வாப்பாவின் பெயரால் என்னை அடையாளம் கண்டார்கள். உம்மும்மாவின் வளவால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பதிலில் எவ்வளவு ஓட்டை இருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது வெகு தொலைவில், கனடாவில்.

டொரன்டோவின் ஸ்காபரோவில் என் தங்கையின் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு மூதாட்டி. ஸ்கொட்லாந்துப் பரம்பரை. ஒரு நாள் தேநீருக்கு அழைத்து, சமையலறை மேசையில் பாய் விரிக்கிற மாதிரி ஒரு நீளத் தாளை விரித்தார். ஆறு தலைமுறைப் பெயர்கள். ஒவ்வொரு ஆணின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் மனைவியின் பெயர். அதுவும் அவள் பிறந்த வீட்டுக் குலப்பெயரோடு. இருபது வருடம் தேடியதாகச் சொன்னார். பிறகு ஒரு வெற்றுத் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளி, உங்களுடையதைச் சொல்லுங்கள் என்றார்.

வாப்பாவின் பக்கம் ஐந்து தலைமுறை சொன்னேன், ஓட்டமாய். உம்மாவின் பெயரைச் சொன்னேன். உம்மும்மாவின் பெயரையும் சொன்னேன். "அவருடைய தாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டில் அவரை மூத்தம்மா என்றுதான் சொல்வார்கள். மூத்தம்மா என்பது உறவு, பெயர் அல்ல. அந்த மூத்தம்மாவின் வளவில்தான் நான் பிறந்தேன். அவர் வைத்த மாமரத்தில் காய் பறித்திருக்கிறேன். அவர் வழியாக வந்த குடிதான் என் குடி. அவரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்; எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாது. அந்த வெற்றுத் தாள் என்னைத் தூங்கவிடவில்லை. இன்றைய பேச்சு அந்த இரவில் தொடங்கியதுதான்.

அந்த மூதாட்டியின் தேடலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

அவருடைய முன்னோர் ஸ்கொட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து என்ற பகுதியைச் சேர்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிலவுடைமைக் குடும்பம் செம்மறி மந்தைகளுக்காகப் பள்ளத்தாக்குகளைக் காலி செய்தது. கூரையை எரித்துக் குடிகளை வெளியேற்றினார்கள். 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் நடந்தது இன்றும் அங்கே ஆறாத புண். வெளியேற்றத்தை நடத்திய பாட்ரிக் செல்லர் 1816-இல் வழக்கு மன்றத்தில் நின்று விடுதலையானான். பக்கத்துப் பள்ளத்தாக்கான கில்டோனனிலிருந்து ஒரு கூட்டம் ஸ்ட்ராத்நேவர் வெளியேற்றத்துக்கு முந்தைய ஆண்டே, 1813-இல், செல்கர்க் பிரபுவின் சிவப்பாற்றுக் குடியேற்றத்துக்குக் கப்பலேறியது. கப்பலில் காய்ச்சல் பரவியது. போக வேண்டிய துறையில் இறக்காமல் ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சிலில் இறக்கிவிட்டார்கள். அங்கே பனிக்காலத்தைக் கழித்து, 1814-இன் வசந்தத்தில் உறைபனி மேல் நடந்து யோர்க் துறைக்குப் போனார்கள். இன்றைய வின்னிபெக் நகரத்தில் கில்டோனன் என்ற பெயர் நிலைத்திருப்பது அவர்களால்தான்.

காணியை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் புதிய மண்ணுக்குப் பழைய ஊரின் பெயரை வைப்பது நமக்கு அந்நியமான காரியமா? 1990-இன் போர் இடப்பெயர்வுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் குடியேறிய எத்தனை பேர், புதிய குடியிருப்பின் ஒழுங்கைக்கு விட்டு வந்த ஊரின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்!

கனடாவுக்குப் போனவர்களின் பெயர்களை அங்கே யார் எழுதி வைத்தார்கள்? தொடக்க காலத்தில் ஒழுங்காக யாரும் இல்லை. 1865-க்கு முந்தைய கப்பல் பயணிப் பட்டியல்கள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவுக்கு 1773 செப்டெம்பர் 15-ஆம் திகதி வந்து சேர்ந்த 'ஹெக்டர்' என்ற கப்பலைக் கனடாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். சுமார் இருநூறு பேர் ஏறினார்கள்; வழியில் அம்மையிலும் வயிற்றோட்டத்திலும் பதினெட்டுப் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்தக் கப்பலின் பயணிப் பட்டியல் என்று இன்று அறியப்படுவது ஏறும்போது எழுதியதல்ல. பயணிகளில் ஒருவரான வில்லியம் மெக்கன்சி பல்லாண்டுகள் கழித்துத் தன் நினைவிலிருந்து எழுதச் செய்தது. ஒரு கிழவருடைய ஞாபகம் ஒரு மாகாணத்தின் மூலப் பத்திரமாகிவிட்டது. அவர் எழுதாமல் மௌத்தாகியிருந்தால்?

1626-இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று நாம் மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். அந்தத் தொகையையும் எழுதி வைத்தது துரத்திய பக்கம்தான். தொகை இருக்கிறது, பெயர்கள் இல்லை. ஹெக்டர் கப்பலுக்கு ஒரு மெக்கன்சி கிடைத்த மாதிரி நமக்கு ஒருவர் கிடைக்கவில்லை.

மூதாட்டியின் கதைக்கு வருகிறேன். கனடாவில் இறந்த அவருடைய முப்பாட்டனின் கல்லறையில் பெயரும் ஆண்டும் மட்டும்தான். தாய் யார் என்று இல்லை. பத்து வருடம் அங்கேயே நின்றுவிட்டது தேடல். பிறகு எடின்பரோவில் ஒரு ஆவணக்காரர் அவருக்கு வழி சொன்னார்: போனவரை விடுங்கள், ஊரிலேயே இருந்துவிட்ட அவருடைய அண்ணன் தம்பியைத் தேடுங்கள்.

ஸ்கொட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதியத் தொடங்கியது 1855 சனவரி முதலாம் திகதி. அதற்கு முன் ஒவ்வொரு பங்கின் போதகரும் வைத்திருந்த பதிவேடுகள்தான். அவற்றில் மிகப் பழையது 1553-இல் தொடங்குகிறது. 1855-இன் பதிவு முறை ஒன்றைக் கட்டாயமாக்கியது. இறந்தவர் எத்தனை வயதுக்காரராக இருந்தாலும் அவருடைய தகப்பனின் பெயரோடு தாயின் பெயரும், தாய் பிறந்த வீட்டுக் குலப்பெயரும் எழுதப்பட வேண்டும். ஊரைவிட்டுப் போகாத தம்பி ஒருவர் 1855-க்குப் பிறகு சதர்லாந்திலேயே இறந்திருந்தார். அவருடைய இறப்புப் பதிவில் தாயின் முழுப்பெயர் இருந்தது. கடல் கடந்து போன அண்ணனின் தாயும் அவள்தானே! இருந்தவனின் சாவு, போனவனின் தாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

இதைச் சொல்லும்போது அந்த அம்மையாரின் கை நடுங்கியது. என் கையும் நடுங்கியது. இந்த ஊரில் இருந்துவிட்டவர்களில் நானும் ஒருவன். போனவர்கள் தேடி வரும்போது நான் என்ன வைத்திருக்கிறேன்?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

ஸ்கொட்லாந்தின் குலங்கள் தகப்பன் வழியில் வருபவை. பெயரின் தொடக்கத்தில் வரும் 'மெக்' என்பதற்கு மகன் என்றுதான் அர்த்தம். ஒரே ஊரில் நூறு மெக்கன்சி இருந்தால் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயரை அடுக்கிச் சொல்லித்தான் ஆளைப் பிரிப்பார்கள். மட்டக்களப்பில் நம்முடையது நேர்மாறு. காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக, குடி என்பது தாய் வழி. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. வாப்பாவின் குடி வேறு, அது அவருடைய உம்மாவினுடையது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. பெண் கேட்டுப் போனால் முதலில் கேட்பது குடியை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார். கந்தூரிச் சோறும் பங்கும் குடி வழியாகத்தான் பிரியும். தமிழ் ஊர்களில் கோயில் திருவிழாவும் வண்ணக்கர் பொறுப்பும் குடி முறைப்படி நடக்கும். பொன்னாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி, லெவ்வைக் குடி, ஓடாவி குடி என்று பெயர்கள். பொன்னாச்சி என்ற பெயரைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் பெயர் ஒரு வம்சத்தின் தலையில் நிற்கிறது.

இது எப்படி வந்தது? முக்குவர், திமிலர் என்ற இரு சமூகங்களுக்கிடையே நடந்த சண்டையில் முக்குவர் பக்கம் நின்று வென்று கொடுத்த நம் முன்னோருக்குக் காணியும் பெண்ணும் கொடுத்துக் குடியிருத்தினார்கள் என்பது இந்தப் பக்கத்தின் கர்ணபரம்பரை. ஏறாவூரின் பெயருக்கே அந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 1962-இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' குடிகளைப் பற்றிய பழைய மரபுகளைத் தொகுத்துத் தருகிறது. 1969-இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தத் தாய்வழி முறையை ஆயுள் முழுக்க ஆராய்ந்து 2008-இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். அவருடைய குலப்பெயரும் 'மெக்' என்று தொடங்குவதுதான். தகப்பன் வழிப் பெயரைச் சுமந்து வந்த ஒருவர் நம் தாய்வழியை எழுதி வைத்தார் என்பதில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டு.

கதையில் எவ்வளவு உண்மை என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கதை சொல்லும் விஷயத்தைப் பாருங்கள்: இந்த மண்ணில் நாம் வேர் விட்டது பெண்கள் வழியாக. வந்தவர்கள் ஆண்கள், இருந்தவர்கள் பெண்கள். வளவும் வீடும் மகளுக்குப் போயின, மருமகன் வந்து குடியேறினான். இன்றும் நம் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான்.

ஆனால் தாளை எடுத்துப் பாருங்கள்.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் 1867-இல் வந்தது. உங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை இன்று வீட்டுக்குப் போய் விரித்துப் பாருங்கள். தகப்பனின் பெயர், தாயின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு. பூட்டனுக்கும் ஒரு கூடு. எல்லாம் தகப்பன் வழி. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவழியைத் தகப்பன் பக்கமாகத்தான் கேட்டது. 2003-இல் சட்டம் திருத்தப்படும்வரை ஒரு தாய் தன் பிள்ளைக்கு அந்த வழியில் பிரஜாவுரிமை கொடுக்க முடியாமல் இருந்தது. உம்மும்மாவுக்கு அந்தப் பத்திரத்தில் ஒரு கூடு இல்லை.

நிக்காஹ் பதிவேட்டுக்குப் போங்கள். 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மாப்பிள்ளை ஒப்பமிடுகிறார், மணமகளின் பொறுப்பாளரான வலி ஒப்பமிடுகிறார், சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். மணமகளின் ஒப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. சட்டத் திருத்தம் பற்றிய வாதப் பிரதிவாதங்களை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒரு வரலாற்று மாணவனாக என் துக்கத்தை மட்டும் சொல்கிறேன். என் உம்மாவுக்கு எழுதத் தெரியும். அழகான கையெழுத்து. அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய நாளின் பதிவில் அந்தக் கையெழுத்து இல்லை.

ஸ்கொட்லாந்துக்காரர் குலத்தைத் தகப்பன் வழியில் எண்ணினார்கள், ஆனால் தாளில் தாயைக் காப்பாற்றினார்கள். நாம் குடியைத் தாய் வழியில் எண்ணினோம், தாளில் தாயைத் தவற விட்டோம். நாக்கு இருக்கும்வரை அது பெரிய நட்டமாகத் தெரியவில்லை. பாலத்தடியில் கேள்வி கேட்ட கிழவர்கள் இருந்தார்கள், பதில் தெரிந்த கிழவிகள் இருந்தார்கள். 1978 நவம்பர் சூறாவளியில் பெட்டகங்கள் நனைந்தன. 1990-இல் உடுத்த உடையோடு ஓடினோம். ஞாபகம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போனார்கள். குடி கேட்கும் வழக்கமும் நம் பக்கத்தில் தளர்ந்துவிட்டது. இருபது வயதுப் பிள்ளை ஒன்றிடம் உன் குடி என்ன என்று கேட்டேன். அது என்னை விசித்திரமாகப் பார்த்தது.

கனடாவிலிருந்து திரும்பிய பிறகு நான் மூத்தம்மாவைத் தேடத் தொடங்கினேன். எங்கே தேடுவது? ஒல்லாந்தரின் தோம்புகள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என்று அந்தப் பக்கத்துக்குத்தான் உதவும். பள்ளிவாசல் கணக்குகளில் ஆண்கள். பழைய வாக்காளர் இடாப்பில் பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் தாய் மகள் உறவு அதில் தெரியாது.

முதல் துப்பு ஒரு கிதாபில் கிடைத்தது. என் சாச்சியின் வீட்டில், அறபுத் தமிழில் அச்சிட்ட ஒரு பழைய மாலைக் கிதாப். கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் பிறப்பும் இறப்பும் குறித்து வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்த பிறை, நாள், நேரம். ஸ்கொட்லாந்துக் குடும்பங்கள் வேதாகமத்தின் முன் தாளில் எழுதி வைத்த மாதிரியேதான். அதில் உம்மும்மா பிறந்தது இருந்தது. அவரைப் பெற்றவள் பெயர் இல்லை. "இன்னாருடைய மகள்" என்று தகப்பனின் பெயர்தான்.

அடுத்ததாக வந்தது நான் நினைத்தும் பார்க்காத இடம்: காணி உறுதி.

நம் நாட்டில் வளவு மகளுக்குச் சீதனமாகப் போகும்போது நொத்தாரிசு ஒரு உறுதி எழுதுகிறார். எழுதிக் கொடுப்பவள் தாய். அவளுக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்று உறுதியிலேயே சொல்ல வேண்டும். அவளுடைய தாய் இன்ன வருடம் இன்ன இலக்க உறுதியால் கொடுத்தாள் என்று வரும். அந்த இலக்கத்தைப் பிடித்து அடுத்த உறுதிக்குப் போனால் அவளுடைய தாய். ஒரு சங்கிலி! பிறப்புப் பத்திரம் மறந்த தாய்மாரை, நிக்காஹ் பதிவேடு ஒப்பம் கேட்காத பெண்களை, காணி உறுதி வரிசையாக வைத்திருக்கிறது. உடைமையைக் காப்பாற்ற எழுதிய தாள்தான்; பாசத்துக்காக எழுதியதல்ல. ஆனாலும் அதில் பெண்கள் தம் பெயரோடு நிற்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் அடையாளத்தோடு நிற்கிறார்கள்.

எல்லைகளையும் படியுங்கள். வடக்கு: இன்னாருடைய வளவு. கிழக்கு: ஒழுங்கை. தெற்கு: இன்ன பெண்ணின் வளவு. மேற்கு: ஆறு. நான்கு எல்லையும் சேர்ந்தால் ஒரு சின்ன ஊர் கண்ணுக்கு முன்னால் எழுந்துவிடும். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள், யார் வேலிக்கு மேலால் கறிச்சட்டி கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று தெரிந்துவிடும்.

மட்டக்களப்புக் காணிப் பதிவகத்துக்குப் பல தடவை அலைந்தேன். நான்காவது உறுதியில் மூத்தம்மாவைக் கண்டேன். பெயரும் பெருவிரல் அடையாளமும். பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். அது எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் முதலில் போய்ச் சேரட்டும். அந்தக் கறுப்பு ரேகைகளின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பிள்ளைகள் சவூதிக்கும் கட்டாருக்கும் போவது திரும்பி வருவதற்கு. கனடாவுக்குப் போவது அப்படியல்ல. 1986 ஆகஸ்ட் 11-ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் மீட்டார். அவர்களுக்கும் பிறகு அங்கே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அங்கே குலப்பெயர் என்று ஒரு கூட்டை நிரப்ப வேண்டும். நமக்குக் குலப்பெயர் இல்லை, முதலெழுத்துத்தான். ஆகவே வாப்பாவின் பெயரைக் குலப்பெயராக எழுதுகிறார்கள். அண்ணன் வாப்பாவின் பெயரின் பின்பாதியை எழுதுகிறான், தம்பி தன் சொந்தப் பெயரின் பின்பாதியை எழுதுகிறான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு குலமாகிவிடுகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை ஒன்று ஒரு நாள் தேடத் தொடங்கும்போது, லெப்பை என்ற பெயரை வைத்துக்கொண்டு எந்த லெப்பையைக் கண்டுபிடிக்கும்? தயவுசெய்து, போகும் முன் ஒரு தாளில் ஊரையும் வளவையும் குடியையும் இரண்டு பக்கத்துப் பாட்டிமாரின் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பிரதியை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இதுவரை நம்முடைய ஆட்களைப் பற்றிப் பேசினேன். ஓட்டமாவடிக்கு இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. நாம் கேட்டு வந்ததல்ல.

கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் சட்டம் போட்டார்கள். அந்தப் பத்து மாதத்து வேதனையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பாகக் கபன் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25-ஆம் திகதி வர்த்தமானி மாறி, அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அடக்கும் இடம் முதலில் இரணைதீவு என்றார்கள். பிறகு மார்ச் 5-ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் நம் மஜ்மா நகருக்கு வந்தன. அடுத்த ஒரு வருடம், நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் மண்ணில் அடங்க விரும்பியவர்கள் இங்கேதான் வந்தார்கள். மொத்தம் 3,634 பேர். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது.

இப்படி வெளியூர்ச் சாவுகளைத் தன் மண்ணில் ஏற்ற ஓர் இடம் கனடாவிலும் உண்டு. கியூபெக்கில் சென் லோரன்ஸ் ஆற்றில் கிரோஸ் ஐல் என்று ஒரு தீவு. 1832-இல் வாந்திபேதிக்குப் பயந்து அதைக் கப்பல் தடுப்பு நிலையமாக்கினார்கள். 1847-இல் அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் அங்கேயே இறந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் புதைக்கப்பட்டவர்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். 1851-இல் ஸ்கொட்லாந்தின் பாரா, தென் யூயிஸ்ட் தீவுகளிலிருந்து நிலக்காரர் கப்பலேற்றிவிட்ட ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களும் கந்தல் உடையோடு கியூபெக்குக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கிரோஸ் ஐல் நிலையம் 1937-இல் மூடப்பட்டது. 1998-இல் அங்கே கண்ணாடிச் சுவர்கள் எழுப்பி, இறந்தவர்களின் பெயர்களை ஏழாயிரத்துக்கும் மேல் பொறித்தார்கள். இன்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு பேரப்பிள்ளை வந்து தன் ஆளின் பெயரை விரலால் தடவலாம். அப்படிச் செய்ய நூற்றைம்பது வருடம் பிடித்தது. பதிவேடுகளை யாரோ காத்து வைத்திருந்ததால்தான் முடிந்தது.

நாம் நூற்றைம்பது வருடம் காத்திருக்கத் தேவையில்லை. அடக்கம் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குழி வெட்டிய கைகள் இந்த மண்டபத்திலும் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பெயரும், அவருடைய தாயின் பெயரும், ஊரும், எந்த வரிசையில் எந்த இடம் என்பதும், ஒரு அலுவலக அலுமாரியில் மட்டும் இருந்தால் போதாது. சூறாவளியும் கலவரமும் பார்த்த ஊர் இது. ஒரு தாளை ஒரு இடத்தில் மட்டும் வைப்பது என்னவென்று நமக்குத் தெரியும். பிரதேச சபையிலும் பள்ளிவாசலிலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். இந்த அறக்கட்டளை அடுத்த வருடம் எனக்குத் தர நினைக்கும் மரியாதை எதுவானாலும் அதை இந்த வேலைக்குக் கொடுங்கள்.

போன நோன்பு மாதத்தில் கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் பழைய மாணவர் ஒருவர் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். புருசன் இங்கே அடங்கியிருக்கிறார். அடக்கத்துக்கு வரவிடவில்லை, பிறகு வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. கபுறின் இலக்கத்தைச் சொன்னார். ஒரு ஓட்டோ பிடித்து, இடம் தெரிந்த ஒரு தம்பியையும் கூட்டிக்கொண்டு மஜ்மா நகருக்குப் போனேன். யானை நடமாடும் பற்றைக்காட்டு ஓரம், வரிசை வரிசையாய் மண்மேடுகள். கண்டுபிடித்து, நின்று துஆ கேட்டு, அங்கிருந்தே அவரை அழைத்தேன். "வாத்தியார், அவருக்குப் பக்கத்தில யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

தம்பி தன் கையிலிருந்த கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான், நான் அவருக்குச் சொன்னேன். வடக்கே பேருவளையைச் சேர்ந்த ஒருவர். தெற்கே கொழும்பிலிருந்து வந்த ஒரு வயதான பெண். கிழக்கே பாதை. மேற்கே ஒரு சின்னக் கபுறு, பிள்ளையுடையது. அந்தப் பக்கத்தில் சற்று நேரம் சத்தம் இல்லை. பிறகு அந்தத் தாய் கேட்டார்: "அந்தப் புள்ளைட உம்மா பேரு எழுதியிருக்கா?"

தம்பி கொப்பியைப் புரட்டினான். எழுதியிருந்தது.